ஒரு சென்டுக்கு ஒரு கொலை வழக்கு: 1836இல் நியூயார்க் பத்திரிகைகள்

1836 ஏப்ரலில் ஒரு பிற்பகல். நியூயார்க் நகரத்தில் தாமஸ் தெரு 41ஆம் எண் வீட்டு வாசலில் பெருங்கூட்டம். யாரையும் உள்ளே விடாமல் காவலர் தடுத்துக்கொண்டிருந்தார். அப்போது மெலிந்த உடம்பும் மாறுகண்ணும் கொண்ட ஒருவர் வந்தார்; அவருக்கு மட்டும் கதவு திறந்தது. அந்த ஆளை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கூட்டம் கேட்டது. அவர் பத்திரிகை ஆசிரியர், பொதுக் கடமையாக வந்திருக்கிறார் என்று காவலர் பதில் சொன்னாராம்.

இந்தக் காட்சியை நமக்குச் சொல்பவரும் அந்த ஆசிரியரேதான். ஜேம்ஸ் கார்டன் பென்னட், ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையின் முதலாளி, ஆசிரியர், நிருபர் எல்லாமே அவர்தான். தன்னைப் பற்றித் தானே எழுதியதால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கதவைத் தாண்டி அவர் உள்ளே போனதும், பார்த்ததை எழுதியதும் உண்மை. கொலை நடந்த அறைக்குள் நின்று ஒரு பத்திரிகைக்காரர் வாசகருக்கு அதை வரி வரியாகக் காட்டுவது இன்று நமக்குச் சாதாரணம். அன்றைக்கு அது புதுசு.

உள்ளே கிடந்த உடல் ஹெலன் ஜூவெட் என்ற 22 வயதுப் பெண்ணுடையது. ஏப்ரல் 9 சனிக்கிழமை இரவுக்கும் 10 ஞாயிறு விடியலுக்கும் நடுவே கொல்லப்பட்டார். தலையில் கைக்கோடாலியால் வெட்டிவிட்டு, படுக்கைக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரோசினா டவுன்செண்ட் என்ற பெண் நடத்திய பாலியல் தொழில் விடுதி அது. விடிகாலை 3 மணி வாக்கில் புகையைக் கண்டு ஆட்களைக் கூப்பிட்டவரும் ரோசினாதான். வேலிக்கு அப்பால் ஒரு கோடாலியும் ஒரு மேலங்கியும் கிடைத்தன. அன்று காலையிலேயே ரிச்சர்ட் ராபின்சன் என்ற 19 வயது இளைஞர் கைதானார். மெய்டன் லேனில் ஜோசப் ஹாக்ஸி என்பவரின் ஜவுளிக்கடையில் குமாஸ்தா, கனெக்டிகட் மாநிலத்தில் நல்ல குடும்பத்துப் பையன். அந்த வீட்டில் அவருக்கு 'ஃப்ராங்க் ரிவர்ஸ்' என்று பெயர். ஹெலனிடம் பல மாதங்களாகப் பழக்கம்.

இவ்வளவுதான் வழக்கு. பாலியல் தொழில் செய்த ஒரு பெண்ணின் கொலை; பத்து வருடம் முன்னால் நடந்திருந்தால் நியூயார்க் பத்திரிகைகளில் ஒரு சிறு பத்தியோடு போயிருக்கும். இது ஏன் மாதக்கணக்கில் ஊரையே ஆட்டியது என்று புரிய, அந்தக் காலத்தில் பத்திரிகை எப்படி விற்றது என்று பார்க்க வேண்டும். கதையின் சாவி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1830களின் தொடக்கம் வரை நியூயார்க் நாளிதழ்களின் விலை 6 சென்ட். தனிப் பிரதியாக வாங்குவோர் குறைவு. ஆண்டுக்கு 10 டாலர் சந்தா கட்டி வாங்குவார்கள். கப்பல் வந்தது போனது, சரக்கு விலை, கட்சிப் பேச்சு, இதுதான் சரக்கு. வாசகர்கள் வணிகர்களும் வக்கீல்களும். ஜேம்ஸ் வாட்சன் வெப் நடத்திய 'கூரியர் அண்ட் என்குவைரர்' இந்த வகை. கூலி ஆள் அதைத் தொடவே மாட்டார்.

1833 செப்டம்பர் 3 அன்று பெஞ்சமின் டே என்ற அச்சுக்காரர் 'சன்' பத்திரிகையை ஒரு சென்டுக்கு வெளியிட்டார். சந்தாவை நம்பவில்லை. பேப்பர் பையன்களுக்கு 100 பிரதிகளை 67 சென்டுக்கு ரொக்கமாக விற்றார்; அவர்கள் தெருவில் கூவி 100 சென்டுக்கு விற்றுக்கொள்ளலாம். மீதி 33 சென்ட் பையனுக்கு லாபம். இந்தச் சின்னக் கணக்குதான் செய்தியின் குணத்தையே மாற்றியது. சந்தா கட்டியவர் பத்திரிகை பிடிக்காவிட்டாலும் ஆண்டு முடியும்வரை வாங்குவார். தெருவில் வாங்குகிறவரை ஒவ்வொரு காலையிலும் புதிதாக ஈர்க்க வேண்டும். நேற்று வாங்கியவர் இன்றும் வாங்க வேண்டுமென்றால் நேற்றைய செய்தி இன்றும் தொடர வேண்டும். பையன் கூவ ஒரு வரி கிடைக்க வேண்டும்.

'சன்' வந்த புதிதிலேயே ஜார்ஜ் விஸ்னர் என்பவரை வாரம் 4 டாலர் சம்பளத்தில் அமர்த்தி, விடிகாலையில் போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பியது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவன், மனைவியை அடித்தவன், கோழி திருடியவன் என்று தினமும் ஒரு பத்தி வரும். ஜனங்கள் அதைத்தான் முதலில் படித்தார்கள். அடுத்து 'டிரான்ஸ்கிரிப்ட்' வந்தது. 1835 மே மாதம், கையில் 500 டாலரோடு வால் தெருவில் ஒரு நிலவறையில், இரண்டு மாவுப் பீப்பாய்களின் மேல் பலகையைப் போட்டு மேசையாக்கி பென்னட் 'ஹெரால்டு' பத்திரிகையைத் தொடங்கினார். ஆக, ஹெலன் கொலையான அன்று ஒரே தெருவில் ஒரே வாசகருக்காக மூன்று ஒரு சென்ட் பத்திரிகைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஊரின் மக்கள்தொகை அப்போது சுமார் 2,70,000. முறையான போலீஸ் துறை கிடையாது. அது வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. இரவுக் காவலர்களும் சில கான்ஸ்டபிள்களும்தான். துப்பறிவது யார் வேலை என்றே தெளிவில்லாத இடத்தில் பத்திரிகைக்காரர் புகுந்துவிட்டார்.

சரி, பென்னட் உள்ளே என்ன பார்த்தார்? உடலைப் பார்த்தார். சலவைக்கல் போல இருந்தது, வீனஸ் சிலையையும் மிஞ்சியது என்று எழுதினார். முகம், தோள், மார்பு என்று ஒவ்வொன்றாகப் பாராட்டினார். அந்த உடலில் ஒரு பக்கம் தீயில் கருகிப்போயிருந்தது. தலை பிளந்திருந்தது. இதை நான் பலமுறை படித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் உடம்பு கூசுகிறது. வெட்டுப்பட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணைச் சிலையாக்கி ரசிப்பதற்கு வாசகரைக் கூப்பிடுகிற எழுத்து அது. பத்திரிகை வரலாற்றில் இதைத் திறமை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி நகர முடியவில்லை.

ஆனால் அதே பென்னட் அறையையும் பார்த்தார், அங்கே அவர் கண் கூர்மையானது. சுவரில் கவிஞர் பைரனின் படம். மேசையில் புத்தகங்கள், இலக்கிய இதழ்கள், பேனா, மை, தாள். இந்தப் பெண் படிப்பாளி, எழுதுகிறவர் என்பதை முதலில் ஊருக்குச் சொன்னவர்களில் அவர் ஒருவர். அந்த வீட்டில் ஓர் ஓவியம் இருந்ததையும் குறித்தார்: மண்டியிட்ட ஒரு பெண்ணின் தலைக்கு மேல் செவ்விந்தியர் ஒருவர் கோடாலியை ஓங்கி நிற்கும் படம். கொலைகாரருக்கு யோசனையே அதிலிருந்து வந்திருக்குமோ என்று கேட்டார். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் படித்தவர் மனதில் அந்தப் படம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹெலன் யார் என்ற கேள்வி அடுத்து வந்தது. இங்கே ஒரு விசித்திரம். ஹெலன் ஏற்கெனவே ஒருமுறை பத்திரிகையில் வந்தவர். 1834இல் நாடகக் கொட்டகையில் தன்னை உதைத்த ஓர் ஆள் மேல் அவர் வழக்குப் போட்டார். அப்போது 'டிரான்ஸ்கிரிப்ட்' நிருபர் வில்லியம் அட்ரி அவரைப் பற்றி எழுதினார்: அநாதைப் பெண், வணிகர் மகன் ஒருவன் ஏமாற்றிக் கெடுத்தான், அதனால் இந்த வாழ்க்கை. கதை சொன்னது ஹெலன்தான். ஆளுக்கொரு கதையும் ஊருக்கொரு பெயரும் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி உலகம் எதை நம்ப வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். செத்த பிறகு அந்தக் கதைகள் எல்லாம் ஒன்றோடொன்று முரண்பட்டு அச்சில் வந்தன.

உண்மையில் அவர் பெயர் டோர்கஸ் டோயென். 1813இல் மெய்ன் மாநிலத்தில் டெம்பிள் என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார். சிறு வயதிலேயே அகஸ்டா நகரில் நீதிபதி நேதன் வெஸ்டன் வீட்டில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். படிக்கவும் எழுதவும் பழகியது அந்த வீட்டில்தான். இந்தத் தகவல் நியூயார்க்குக்கு எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமானது. அப்போது தந்தி கிடையாது. ஆனால் ஒரு பத்திரிகை ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்குத் தன் பத்திரிகையைத் தபால் செலவில்லாமல் அனுப்பிக்கொள்ள 1792ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது. எல்லா ஊர் பத்திரிகையும் எல்லா ஊருக்கும் போகும். வெட்டி எடுத்து மறுபடி அச்சிடுவார்கள். நியூயார்க்கில் அச்சான தவறான கதைகள் இப்படி மெய்ன் வரை போயின. நீதிபதியின் குடும்பத்தையே பழிக்கும் கதைகளும் அதில் இருந்தன. அவர் தன் கைப்பட விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அந்த விளக்கமும் அதே வழியில் ஊர் ஊராகத் திரும்பி வந்தது. இன்று ஒரு வதந்தி சுற்றுவதற்கும் மறுப்பு அதன் பின்னால் ஓடுவதற்கும் மணிக்கணக்கு போதும். அன்றைக்கு வாரங்கள் ஆயின.

ஹெலனின் வாழ்க்கையை எந்தப் பத்திரிகையும் அப்படியே விட்டுவைக்கவில்லை. ஒருவருக்கு அவர் வஞ்சிக்கப்பட்ட அப்பாவி. இன்னொருவருக்கு இளைஞர்களை வீழ்த்தும் மோகினி. செருப்புத் தொழிலாளியின் மகள், வீட்டு வேலை செய்தவர், புத்திசாலி, தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவர் என்ற சாதாரண மனுஷி யாருக்கும் தேவைப்படவில்லை.

இனி பென்னட்டின் பல்டி. முதல் நாள் எல்லாரையும் போல ராபின்சன்தான் குற்றவாளி என்று எடுத்துக்கொண்டார். ஓரிரு நாளில் மாறிவிட்டார். இவ்வளவு சின்னப் பையன் செய்திருப்பானா? பொறாமை பிடித்த இன்னொரு பெண்ணாக ஏன் இருக்கக் கூடாது? விடுதி நடத்துகிற ரோசினாவின் வாய்ச்சொல்லை எப்படி நம்புவது? இப்படிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அதே வாரத்தில் ரோசினாவைத் தானே சந்தித்து எடுத்ததாக ஒரு பேட்டியைக் கேள்வி பதில் வடிவத்திலேயே வெளியிட்டார். வந்தவர் ஃப்ராங்க் என்று எப்படித் தெரியும்? அவரே பெயரைச் சொன்னார். முகத்தைப் பார்த்தீர்களா? இல்லை, மேலங்கியால் மூடியிருந்தார், கண்கள் மட்டும் தெரிந்தன. கோர்ட்டில் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல இருக்கிறது, இல்லையா?

அமெரிக்கப் பத்திரிகையின் முதல் பேட்டி இதுதான் என்று பலர் சொல்வதுண்டு. அந்தப் பேட்டி நடக்கவே இல்லை, பென்னட் கட்டிவிட்ட கதை என்று போட்டிப் பத்திரிகைகள் அப்போதே சாடின. எப்படியானாலும் அது செய்த வேலை பெரியது. விசாரணை தொடங்க ஏழு வாரம் இருக்கும்போதே, முக்கிய சாட்சியின் நம்பகத்தை ஊர் மத்தியில் வைத்துக் குடைந்தெடுத்துவிட்டது.

'சன்' எதிர்ப்பக்கம் நின்றது. ராபின்சன் கொலைகாரர், பணமும் செல்வாக்கும் அவரைக் காப்பாற்றப் பார்க்கின்றன என்று எழுதியது. பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறாய் என்று ஒருவரையொருவர் வைதுகொண்டார்கள். இதைக் கொள்கைச் சண்டை என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. மூன்று கடைகளும் ஒரே சரக்கை ஒரே விலைக்கு விற்றால் யாருக்கு என்ன லாபம்? ஒருவர் 'குற்றவாளி' என்று விற்றால் இன்னொருவர் 'நிரபராதி' என்று விற்க வேண்டும். வாசகரும் இரண்டையும் வாங்கினார், ஒப்பிட்டுப் பார்த்தார், டீக்கடை விவாதம் மாதிரி தெருமுனையில் கட்சி பிரிந்து பேசினார். ஆனால் பென்னட்டுக்கு ஒரு நியாயம் தர வேண்டும். போலீஸ் சொன்னதை அப்படியே அச்சேற்றாமல், சாட்சியைச் சோதிக்க வேண்டும், வேறு வழியில் நடந்திருக்கலாமா என்று யோசிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அவர் இந்த வழக்கில் காட்டினார். நல்ல பழக்கம்தான். அதை அவர் பிரயோகித்தது முழுக்க முழுக்க அந்த வீட்டுப் பெண்கள் மேல் என்பதுதான் வேதனை.

தான் செய்வதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். இந்தக் கொலையை வெறும் போலீஸ் செய்தியாகச் சொல்லாமல், சமூகத்தின் ஒழுக்கத்தையே திறந்து காட்டும் தொடக்கப் புள்ளியாக வைத்தோம் என்று எழுதினார். பெரிய வீட்டுப் பிள்ளைகளும் வணிகர்களும் அந்த விடுதிக்குப் போய்வந்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அதைப் பொதுவில் எழுதியது ஒரு சென்ட் பத்திரிகைகள்தான், 6 சென்ட் பத்திரிகைகள் முகத்தைச் சுளித்தன. அந்த அளவுக்கு அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

பத்திரிகைகளில் படம் போடுவது அப்போது அரிது. அந்தக் குறையை அச்சுக்கூடங்கள் தீர்த்தன. கல்லச்சில் ஹெலனின் உருவப்படங்கள் தனியாக விற்பனைக்கு வந்தன. எரிந்த கட்டிலில் உடல் கிடக்கும் காட்சியும் வந்தது. அதிலும் பென்னட் எழுதியபடியே சிலை போல ஒரு பெண்.

ஜூன் 2 அன்று நகர மன்றக் கட்டடத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதி ஆக்டன் எட்வர்ட்ஸ். ராபின்சனுக்கு அவருடைய முதலாளி ஹாக்ஸி துணை நின்றார்; முன்னாள் அரசு வழக்கறிஞரும் நாவன்மைக்குப் பேர்போனவருமான ஆக்டன் ஹாஃப்மன் வாதாட வந்தார். கோர்ட்டுக்குள் இடம் பிடித்தவர்களில் பெரும்பகுதி இளம் குமாஸ்தாக்கள். ராபின்சன் அணிந்த மாதிரித் தொப்பியை அணிந்துகொண்டு வந்தவர்களும் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது இவர்கள் கேலிக்கூச்சல் போட்டார்கள். இரண்டு மாதம் பேப்பரில் படித்த கதையின் பாத்திரங்கள் நேரில் வந்து நிற்பதைப் பார்க்க வந்த கூட்டம் அது.

அரசுத் தரப்பில் சரக்கு இல்லாமல் இல்லை. கோடாலி ஹாக்ஸி கடையில் இருந்தது போன்றதே என்று அந்தக் கடை ஆள் அடையாளம் சொன்னார். இரவு 11 மணி வாக்கில் ஷாம்பெய்ன் கொண்டுபோய்க் கொடுத்தபோது ராபின்சனை ஹெலனின் படுக்கையில் பார்த்ததாக ரோசினா சாட்சி சொன்னார். இதற்கு எதிராக நின்றது ஒரு மளிகைக்கடைக்காரரின் வாக்குமூலம். ராபர்ட் ஃபர்லாங் என்ற அவர், அன்றிரவு ராபின்சன் 10 மணி தாண்டும்வரை தன் கடையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றார். அந்த நேரத்துக்கு முன்பே ராபின்சன் விடுதிக்கு வந்துவிட்டார் என்பது ரோசினா சொன்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

யாரை நம்புவது? குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு நீதிபதி வழி காட்டினார். இப்படிப்பட்ட வாழ்க்கை வாழும் பெண்களின் சாட்சியத்தை, வேறு நல்ல ஆதாரம் துணைக்கு இல்லாவிட்டால், நம்பக் கூடாது என்றார். கொலை நடந்த வீட்டிலிருந்து வந்த முக்கிய சாட்சிகளோ அந்தப் பெண்கள்தான். ராபின்சனும் ஹெலனும் எழுதிக்கொண்ட கடிதக் கட்டுகள் அரசுத் தரப்பிடம் இருந்தும் பெரும்பாலானவை ஜூரி முன் வாசிக்கப்படவில்லை. ஹாஃப்மன் "இந்தப் பாவப்பட்ட பையன்" என்று உருகினார். ஜூரி வெளியே போய் அரை மணிக்குள் திரும்பியது. குற்றவாளி அல்ல. கோர்ட்டில் ஆரவாரம்.

பத்திரிகைகள்தான் ராபின்சனை விடுவித்தன என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்தக் காலத்து ஜூரியில் இருந்தவர்கள் எல்லாருமே ஆண்கள், தொழில் வியாபாரம் செய்கிறவர்கள். அந்தப் பெண்களின் சொல்லை நம்பாதே என்று நீதிபதியே சொன்ன பிறகு அவர்களுக்கு வேறு தூண்டுதல் தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஏப்ரலில் பென்னட் கேட்ட கேள்விகளும் ஜூனில் நீதிபதி சொன்ன அறிவுரையும் ஒரே நிலத்தில் முளைத்தவை. ரோசினா பொய் சொல்வாள் என்பதை ஊர் முன்கூட்டியே தினம் ஒரு சென்ட் கொடுத்துப் படித்திருந்தது.

அப்புறம் நடந்தவை வேகமாகச் சொல்லிவிடலாம். ராபின்சன் டெக்சாஸ் போய் ரிச்சர்ட் பார்மலீ என்ற பெயரில் வாழ்ந்து 1855இல் இறந்தார். கொலைக்காக வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை. ஹெலனின் உடலைப் புதைத்த சில நாளிலேயே மருத்துவ மாணவர்கள் தோண்டி எடுத்து அறுத்துப் படித்தார்கள், எலும்புக்கூடு கல்லூரியில் தொங்குகிறது என்று 'ஹெரால்டு' செய்தி போட்டது. தன் விற்பனை மளமளவென்று ஏறுவதாக 'ஹெரால்டு' தானே பறைசாற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் விலையை 2 சென்டாக ஏற்றியும் வாசகர்கள் விட்டுப் போகவில்லை. 1840இல் மரியாதைக்குரிய பத்திரிகைகள் ஒன்றுசேர்ந்து பென்னட்டைப் புறக்கணிக்கச் சொல்லி 'ஒழுக்கப் போர்' நடத்தின. அதையும் தாண்டி அவர் நின்றார்.

ஜூரி கேட்காத அந்தக் கடிதங்கள் 1840களின் இறுதியில் 'நேஷனல் போலீஸ் கெசட்' என்ற குற்றச் செய்தி வார இதழ் மூலம் அச்சுக்கு வந்தன. கொஞ்சல், கோபம், பிரிந்துவிடாதே என்ற கெஞ்சல், ஏமாற்றுகிறாய் என்ற குத்தல், எல்லாம் சுத்தமான நடையில், படித்த புத்தகங்களின் வாசனையோடு. ஹெலன் தன் குரலில் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

அவர் உயிரோடு நடமாடிய காட்சி ஒன்றும் பென்னட்டின் பத்திரிகையிலேயே இருக்கிறது. உடலை வர்ணித்த பத்திகளுக்கு நடுவே அது எளிதில் கண்ணில் படாது. பச்சைப் பட்டு உடுத்தி வால் தெருவில் நடந்து போவார், தரகர்களை நேருக்கு நேர் தைரியமாகப் பார்ப்பார், கையில் பெரும்பாலும் ஒரு கடிதம் இருக்கும் என்று 'ஹெரால்டு' எழுதியது.